வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள்

அந்தக் கடிதம் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தது செப்டம்பர் மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். நாளும் கிழமையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு அந்த வயதிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததால் இதில் சந்தேகமில்லை. முத்திரையைப் பார்த்தால் கடிதம் புறப்பட்டுப் பதினேழு நாளாகியிருந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் லயத்து வீட்டுக்கென்று தனி விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே சில நாள் இளைப்பாறி, யார் கையிலாவது ஏறி வரும்போது வரும்.

அனுப்பியது கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அக்கா தாதிப் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். அதற்குப் பதில் வரும்வரை பொறுப்பதாக அப்பா சொல்லியிருந்தார். இடம் இல்லையென்றால் அவள் தோட்டத்தில் பேர் பதிந்து, அம்மாவோடு கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போக வேண்டும். மலைக்குப் போகக்கூடாது என்ற ஒரே எண்ணத்தோடுதான் அக்கா அந்த வருடம் முழுவதும் நடமாடினாள்.

உறையைக் கிழித்து ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"பாப்பா, நீ வாசிச்சு அப்பாவுக்குச் சொல்லு."

பாடசாலை ஆங்கில தினத்தில் எனக்குப் பரிசாக ஓர் ஆங்கில–தமிழ் அகராதி கிடைத்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் லயத்தின் மருந்துப் போத்தல்களும் பால்மா டின்களும் என் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தன. ஆகவே அக்கா கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. இரண்டாவது வரியில் 'ரிக்ரெட்' என்ற வினைச்சொல் நின்றது. அகராதியைப் புரட்டினேன். வருந்து, துயருறு என்று இருந்தது. கடைசி வரியில் மனுவைப் பத்திரமாக வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். நடுவில் இருந்த நீண்ட வாக்கியத்தை நான் தாண்டிப் போய்விட்டேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் மிகவும் வருத்தப்படுகிறார்கள், மனுவைப் பத்திரப்படுத்தி இருக்கிறார்கள், இடம் வந்ததும் கூப்பிடுவார்கள் என்று அறிவித்தேன். வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காய்ச்சக்காரங்களப் பாக்கறத விட்டுட்டு நம்ம புள்ளைய நெனச்சு அழுவுறாங்களாக்கும்."

அப்பா சிரிக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் கண்டியிலிருந்து வருத்தப்பட்டு எழுதியது அவருக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றியிருக்க வேண்டும். "வருத்தப்படுறவங்க கூப்புடாம இருக்க மாட்டாங்க. தை வரைக்கும் பாப்போம்" என்றார். அக்கா கடிதத்தை மடித்துத் தன் பெட்டிக்குள் வைத்தாள்.

அடுத்த இரண்டு மாதங்களில் அவள் ஐந்து மனுக்கள் எழுதினாள். ஹட்டனில் ஒரு மருந்துக்கடை, நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், மற்றவை நினைவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில், அவள் கைப்பட எழுதியவை. பாடசாலைக்குப் போகும் வழியில் நான்தான் தபால் பெட்டியில் போட்டேன்.

நவம்பர் இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆங்கில ஆசிரியை அழைப்பிதழ்களுக்குப் பதில் எழுதுவது எப்படி என்று கற்பித்தார். வர முடியாதபோது 'ரிக்ரெட்' என்ற சொல்லைப் போடுவார்கள் என்றார். 'இல்லை' என்பதை மரியாதையாகச் சொல்லும் வழியாம் அது. அந்தச் சொல் பழைய பிரெஞ்சில் இறந்தவரை நினைத்து அழுவதைக் குறித்தது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் ஒரு புத்தகத்தில் வாசித்தேன். அன்று அது தெரிந்திருந்தாலும் நான் நின்றிருக்க மாட்டேன். என் பிழை ஒன்று திருத்தப்படாமல் கிடக்கிறது என்ற தவிப்பில் பஸ்ஸைவிட்டு இறங்கியதிலிருந்து ஓட்டமாக ஓடினேன்.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அம்மா மலையிலிருந்து வந்து இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்குச் சாக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவும் மாமாவும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மூலையில் உறை ஒன்றுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் நடுவில் நின்று, முன்பு சொன்னது தவறு, அது இடமில்லை என்று சொல்லும் கடிதம், அவர்கள் கூப்பிடவே மாட்டார்கள் என்று விளக்கினேன். ஆசிரியை சொன்ன உதாரணத்தையும் விடவில்லை.

மாமாகூட அப்போது கேலி செய்யவில்லை. அப்பா அக்காவைப் பார்த்தார்.

"அப்புடியாம்மா?"

"ஆமாங்கப்பா."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப திங்கக்கெழம பேர் பதிஞ்சிருவோம்" என்றார். குரலில் கோபம் இல்லை. அம்மா எழுந்து போய்த் தன் பழைய கூடையை எடுத்து, அதன் கயிற்றைத் தேங்காய் எண்ணெய் போட்டு நீவத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை விடியலில் அக்கா வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றாள். அந்த ஐந்து மனுக்களுக்கும் பதில் வந்ததா என்பது என் குறிப்புகளில் இல்லை. வந்திருந்தால் ஆபீசில் கிடந்திருக்கும். போய்க் கேட்க அவளுக்கு நேரம் இருந்திருக்காது. அவள் பேர் இன்றும் அந்தத் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் இருக்கிறது.

பேர் பதிவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மலைத்தண்ணீர் விழும் பீலியில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பனிக்கட்டி போலக் குளிர்ந்து விழுந்தது. நான் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, அர்த்தம் பிந்தித் தெரிந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் நிமிரவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் பாப்பா. மனு எழுதுனவளுக்குப் பதில் வாசிக்கத் தெரியாதா?"

பிறகு ஏன் என்னை வாசிக்கச் சொன்னாய் என்று கேட்டேன். சட்டையொன்றைப் பிழிந்து உதறிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"நான் வாசிச்சா அப்பா என் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருவாரு. நீ வாசிச்சா நம்புவாரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் ஆங்கிலத்தின் மேல் அப்பாவுக்கு அவ்வளவு நம்பிக்கை என்று அன்று பின்னேரமே லயத்தில் மூன்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.