கவரில் பெயர் எழுத வேண்டாம்

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவனுக்கு, எதிரே வருகிறவரின் தோலுக்குள்ளும் தொண்டைக்குள்ளும் என்ன நடக்கிறது என்று தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் கூடாது. முதலில் கொட்டாஞ்சேனையிலும் பிறகு வெள்ளவத்தையிலுமாக என் காலம் மாத்திரைக் குளிசை எண்ணியே போனது. என்னைப்போல் கவுண்டருக்குப் பின்னால் நின்று நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், நோய் வருத்தங்களை மாற்றவில்லை.

வெள்ளைக் கலவை

கொட்டாஞ்சேனைக் கடைக்கு வந்துபோன றீட்டாவுக்குக் கையில் ஒரு சொறி. டொக்டர் ஒரு சின்னக் கிறீம் எழுதிக் கொடுத்தார். சொறி மாறியது. மாறிய இடம் கொஞ்சம் வெளுத்ததையும் றீட்டா கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் கிறீமை முகத்துக்குப் பூசும் இன்னொரு கிறீமோடு குழைத்து ஒரு டப்பாவில் அடைத்து, தான் பூசியது போதாதென்று ஒழுங்கையில் உள்ள பெண்களுக்கும் பங்கு வைத்தாள். கோயில் திருநாளுக்கு எல்லோரும் மினுங்கிக்கொண்டு போனார்கள்.

அது ஸ்டீரொயிட் கிறீம், முகத்தில் பூசப் பூசத் தோல் மெலிந்துபோகும் என்று அவளுக்கு எத்தனையோ தரம் சொன்னேன். நான் கொடுக்க மறுத்தபோது வேறு கடையில் வாங்கினாள். பிறகு கன்னம் சிவந்து, சிவப்பு நரம்புகள் தெரிந்து, வெயிலில் நிற்க முடியாமல் குடையோடு வந்தாள். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. இனியாவது விடு பிள்ளை என்றேன். அவள் குடையை மடக்காமலே சொன்னாள்: "விட்டா பழைய நிறம் வந்துரும் அண்ணே. எரிஞ்சா எனக்கு மட்டுந்தானே தெரியும், கறுத்தா எல்லாருக்கும் தெரியுமே."

அந்தோனியின் தவக்காலம்

அந்தோனி ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்ட் ஒன்றில் கிளார்க். முழங்கால் நோவுக்கு யாரோ கூட்டாளி சொன்னானென்று டொக்டரின் துண்டு இல்லாமலே எங்கேயோ ஒரு சின்ன வெள்ளைக் குளிசை வாங்கிப் போட்டுவந்தார். நோவு பறந்துவிட்டது. பசி எடுத்தது, முகம் உருண்டு திரண்டது. நல்லாய் இருக்கிறீர்களே என்று கண்டவர்கள் எல்லாம் சொல்ல, மனுசனுக்கு அந்தக் குளிசையில் பக்தியே வந்துவிட்டது. அது சதையல்ல, ஸ்டீரொயிட் கொடுத்த வீக்கம் என்று நான் சொன்னது எடுபடவில்லை.

தவக்காலம் வந்தது. இறைச்சியை விட்டார், குடியை விட்டார், ஒறுத்தல் என்றால் முழுசாக ஒறுக்கவேண்டும் என்று குளிசையையும் ஒரே நாளில் விட்டார். ஸ்டீரொயிட் வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தால் உடம்பு அதைத் தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும்; கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்தான் மறுபடி சுரக்கும். அந்தோனிக்கு இரண்டும் இல்லாமல் போய், வாந்தியும் மயக்கமுமாகப் பூசையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் தப்பி, கன்னம் ஒட்டிப்போய்த் திரும்பி வந்தவர் என்னிடம் சொன்னார்: "அந்த வீங்கின மூஞ்சியோட எடுத்த படத்தத்தான் மனுசி சட்டம் போட்டு மாட்டியிருக்கா. அதுலதான் நான் மனுசன் மாதிரி இருக்கேனாம்."

சுகந்தியின் அம்மா

இனிச் சொல்லப்போவதுதான் என்னை இன்னும் விடாமல் இருப்பது. வெள்ளவத்தைக் கடைக்குப் பக்கத்து ஒழுங்கையில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. மகள் சுகந்தி இன்சூரன்ஸ் கொம்பனியில் வேலை. கெட்டிக்காரி, வாய்க்காரி. திடீரென்று முகம் ஊதி, எந்நேரமும் நித்திரை தூங்கி, குரலும் தடித்தது. தைரொயிட் குறைவு என்று டொக்டர் கண்டுபிடித்துத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு குளிசை எழுதினார். அதைப் போடத் தொடங்கிய பிறகு பழைய சுகந்தி திரும்பி வந்தாள், கடைக்குள் அவள் வந்தால் சிரிப்புச் சத்தம் முன்னே வரும்.

கலியாணப் பேச்சுத் தொடங்கியதும் குளிசை வாங்க அவளுடைய அம்மா வரத்தொடங்கினார். குளிசையை எண்ணிச் சின்னக் கடுதாசிக் கவரில் போட்டு மருந்தின் பெயரை எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். நான் பேனையை எடுக்க, அவர் என் கையைப் பிடித்துவிட்டார். "பேர் எழுத வேண்டாம் தம்பி. தைரொயிட் எண்டு தெரிஞ்சால் பிள்ளை தங்காது எண்டு சொல்லுவினம். நல்ல இடம், இது தவறினால் இவளுக்கு இனி எங்க தேடுறது?"

கிருலப்பனை அன்ரி

வெள்ளவத்தையில் சம்பந்தம் பேசுகிறவர்கள் சாத்திரியிடம் சாதகத்தைக் கொடுத்துவிட்டு நேரே மருந்துக்கடைக்கு வருவார்கள். அந்த வீட்டில் ஆருக்கு என்ன வருத்தம், ஆர் என்ன குளிசை போடுகிறார்கள் என்று எங்களைக் கேட்டால் போதும் என்பது அவர்களின் எண்ணம். நாங்களும் "நல்ல சனம்" என்ற இரண்டு சொல்லோடு எல்லோரையும் அனுப்பிவிடுவோம்.

சுகந்தி வீட்டைப்பற்றி விசாரிக்க வந்தவரைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது. கிருலப்பனையில் இருந்து மாதாமாதம் தன் பிரஷர் குளிசைக்கு வரும் அன்ரி அவர். தாய் தகப்பன் இல்லாத தமக்கை மகனை வளர்த்து என்ஜினியர் ஆக்கியவர். அந்தப் பையன்தான் மாப்பிள்ளை. நல்ல சனம் என்றேன். அவருக்குச் சந்தோசம். பிறகு வழக்கம்போலத் தன் குளிசையையும், பையனுடைய குளிசையையும் கேட்டார். பையனுக்கும் அதே தைரொயிட், அதே குளிசை. நான் எழுதப்போக, அன்ரி குரலைத் தாழ்த்தினார். "இந்த முறை பேர் போடாமத் தா ராசா. பொம்பிளை வீட்டுக்காரர் வந்து போவினம், வருத்தக்காரப் பெடியன் எண்டு நினைச்சிடுவினம்."

நிறுத்தி வைத்த இரண்டு மாதம்

சாதகம் பொருந்தியது. ஆடி கழிந்து ஆவணியில் பெண் பார்க்க வருவதென்று முடிவானது. அதற்குப் பிறகு சுகந்தியின் அம்மா குளிசைக்கு வரவே இல்லை. நான் ஒழுங்கையில் மறித்துக் கேட்டேன். அன்ரி நினைத்த நேரம் வந்து போகிறாராம், தண்ணீர் குடிக்கக் குசினி வரைக்கும் வருகிறாராம், கவர் கண்ணில் பட்டுவிடும் என்று குளிசையை நிறுத்திவிட்டாராம். சுகந்தியும் அம்மாவின் அழுகைக்குப் பயந்து சரி என்றிருக்கிறாள்.

நிறுத்தக் கூடாத மருந்து அக்கா, தயவுசெய்து போடச் சொல்லுங்கள் என்றேன். அவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள், கட்டாயம் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்றும் சொன்னேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவர் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் நான் சொல்ல முடியாது. ஒருவரின் மருந்தை இன்னொருவருக்குச் சொல்லுகிறவன் அந்தக் கவுண்டரில் நிற்கக் கூடாது. அன்ரி அடுத்த முறை வந்தபோதும் அதே புத்திமதியைச் சொல்லிப் பார்த்தேன். அவரும் சிரித்து மழுப்பிவிட்டார். சுகந்தியின் அம்மா அன்று ஒழுங்கையில் வைத்துச் சொல்லி முடித்த சொல் இது: "இப்ப ஆள் நல்லாத்தானே இருக்கிறாள் தம்பி. தாலி ஏறட்டும், அடுத்த நாளே நானே என்ர கையால குடுக்கிறன்."

பெண் பார்த்த கதை

பெண் பார்த்துவிட்டு வந்த அன்ரி என் கவுண்டரில் கையூன்றி நின்று, மனம் கசந்துபோய்க் கதையைச் சொன்னார். பிள்ளை முகம் ஊதிப்போய் வந்திருந்ததாம். கேட்டதற்கெல்லாம் ஒரு சொல்லில் பதிலாம். பையன் பகிடி விட்டும் சிரிக்கவில்லையாம். வந்தவர்கள் வேர்த்து ஒழுகிக்கொண்டிருக்க, குளிருகிறது என்று ஃபானை நிறுத்தச் சொன்னாளாம்.

அவர் சொன்ன ஒவ்வொன்றும் குளிசை நிறுத்தியதன் அடையாளம். அந்த உண்மை என் வாய்வரைக்கும் வந்து நின்றது. பிள்ளையை இன்னொரு தரம் பாருங்கள், அவசரப்படாதீர்கள் அன்ரி என்று மட்டும் கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். "வருத்தம் எண்டாலும் பரவாயில்லைத் தம்பி, மருந்து குடுக்கலாம். அந்தப் பிள்ளைக்கு எங்கட பெடியனில விருப்பம் இல்லை."

ஒரே நேரத்தில் இரண்டு பேர்

சம்பந்தம் கலைந்ததும் சுகந்தி தானே வந்து குளிசையைத் திரும்பத் தொடங்கினாள். சில மாதத்தில் முகம் வடிந்து பழைய ஆளானாள். பையனுக்கு வேறிடத்தில் கலியாணப் பதிவு எழுத்து நடந்தது. ஒருநாள் பின்னேரம் அன்ரி கவுண்டரில் தன் மருந்துக்கும் பையனுடைய குளிசைக்கும் காத்துநிற்க, வேலைவிட்டு வந்த சுகந்தி பக்கத்தில் வந்து நின்று, "அண்ணை, என்ர தைரொயிட் குளிசை" என்று சத்தமாகவே கேட்டாள். பையனுடைய கவரும் அவளுடைய கவரும் ஒரே மருந்துப் பெயரோடு கண்ணாடிமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அன்ரி இரண்டையும் பார்த்தார். "நீர் இதையே போடுறனீர் பிள்ளை?" என்றார். "கனகாலமா அன்ரி. நீங்கள் பார்க்க வந்த நேரம்தான் அம்மா நிப்பாட்டி வைச்சவ" என்றாள் சுகந்தி. அன்ரிக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அதில் உட்கார்ந்து, "எங்கட பெடியனுக்கும் இதுதான் பிள்ளை" என்றார். சுகந்தி தன் கவரை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். கோபப்படவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. "அப்ப ரெண்டு பேரும் விடிய ஒண்டா எழும்பி, ஒண்டாக் குளிசையைப் போட்டிட்டு, தேத்தண்ணி குடிக்க அரைமணித்தியாலம் ஒண்டாக் காத்திருந்திருக்கலாம் அன்ரி."

சேரவேண்டிய இரண்டு வீட்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து எண்ணிக் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றவனைத்தான் எங்கள் தொழிலில் நம்பிக்கையான ஆள் என்கிறார்கள்.