டிரம்மில் மொண்ட தண்ணீர்

ராணுவப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் எங்களை மாமல்லபுரத்துக்கு அப்பால், கடலோரச் சவுக்குத் தோப்பில் கூடாரம் போட்டுத் தங்க வைத்திருந்தார்கள். எனக்கு மதுராந்தகம். என் கூடாரத்தில் இருந்தவனுக்கு அதையடுத்த கிராமம். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஆள்சேர்ப்புக்கு ஓடித் தேறினோம்.

அன்று காலை ஓட்டத்தின் நடுவே அவன் தோப்புக்குள் ஒதுங்கினான். திரும்பி வந்து, உடனே மறுபடியும் ஓடினான். மதியம் கூடாரத்துக்குள் போய்ப் பார்த்தேன். கண்கள் குழி விழுந்து, காலைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தான். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது.

"ஹவில்தாராண்ட சொல்லிர்றேன்."

"வேணாம் மச்சான். சொன்னா இந்த பேட்ச்லேர்ந்து தூக்கிடுவானுங்க. கொஞ்சம் தண்ணி குடு, சரியாப்பூடும்."

என் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். சட்டென்று கை நின்றுவிட்டது. சமையல் கூடாரத்தின் முன்னாலிருந்த டிரம்மில் பிடித்த தண்ணீர் அது. கழிப்பிடம் போய் வந்த கையோடு எல்லோரும் அதில்தான் குவளையை முக்கி மொண்டுகொண்டிருந்தோம். பக்கத்திலேயே சோப்பு இருந்தது. விசிலுக்கு ஓடும் அவசரத்தில் யாரும் அதைத் தொடவில்லை. காலையில் நானும் வயிறு முட்டக் குடித்திருந்தேன்.

அவன் கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு அப்படியே நின்றது. என்னை உற்றுப் பார்த்து, "அம்மா எங்க கீது?" என்றான்.

எழுந்து ஓடினேன்.

ஹவில்தார் வந்து ஒரு முறைதான் பார்த்தார். "இத்தினி நேரம் இன்னா பண்ணிகினு இருந்தீங்க? தூக்குங்கடா!"

செங்கல்பட்டு வரும்வரை ஜீப்பில் அவன் தலை என் மடியில் இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று அடிக்கடி மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்ற நர்சுக்கு நரம்பு கிடைக்கவில்லை. ஊசியை எடுத்து எடுத்துக் குத்தினார். அவன் முனகக்கூட இல்லை. நான் என் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"உனுக்கும் வயித்தால போவுதா?" என்று நர்ஸ் கேட்டார்.

"இல்ல சிஸ்டர்."

"அப்போ போய் சோப்பு போட்டு கைய நல்லா கழுவு. அவனத் தூக்கினு வந்திருக்க."

முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். எனக்கும் வந்துவிட்டதோ என்று வயிற்றைத் தடவிக்கொண்டே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏறிய பிறகு, சாயங்காலம் அவனுக்குச் சிறுநீர் இறங்கியது. இனி பயமில்லை என்றார் டாக்டர். முகாமில் டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, கொதித்த தண்ணீரைக் குழாய் வைத்த அண்டாவில் ஊற்றினார்கள். சோப்புப் போட்ட கையைக் காட்டாமல் யாருக்கும் தட்டு கிடையாது. எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் பல நாள் ஒவ்வொரு கவளத்தையும் பயந்துதான் விழுங்கினேன்.

அவனை அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிட்டார்கள். தன் பயிற்சி முடியும்வரை அவன் என்னோடு பேசவில்லை. முடிந்த அன்றுதான் போன் செய்தான்.

"இன்னாடா, சாப்ட்டியா?" என்றான்.