உப்புக் கிடங்கில் கொடுத்த படிவம்

மூன்று கட்டங்களில் எதில் டிக் அடிப்பது? மரக்காணம் போய்வந்து ஒரு வாரமாகிறது. படிவம் இன்னும் ஃபிரிட்ஜ் மேல்தான் கிடக்கிறது.

ஞாயிறு காலை 7.10-க்குப் புதுச்சேரியில் பேருந்து ஏறினோம், நானும் ஐந்து வயது மகள் யாழினியும். இரவெல்லாம் அவளுக்கு இருமல், எனக்குத் தூக்கமில்லை. திரும்பிவிடலாமா என்று பேருந்து நிலையம் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். அனுமந்தை தாண்டியதும் நடத்துநரிடம், "உப்பு மியூசியத்துக்கு எங்க இறங்கணும்?" என்றேன்.

"உப்பளத்தாண்ட சொல்றேம்மா. மூணு வாட்டி கேட்டுட்டீங்க. கொஞ்சம் தூங்குங்க."

8.25. இறங்கி அரை கிலோமீட்டர் நடை. இரு பக்கமும் உப்புப் பாத்திகள், நிழலே இல்லை. பழைய உப்புக் கிடங்கு ஒன்றை ஒரு தனியார் அறக்கட்டளை அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. நுழைவு முப்பது ரூபாய். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை இலவசம். உள்ளே தராசுகள், சாக்குத் தைக்கும் ஊசிகள், மங்கிய படங்கள். பத்து நிமிடத்தில் யாழினிக்கு அலுத்துவிட்டது.

கூட்டமெல்லாம் பின்புறம்தான். அங்கே ஒரு சிறு பாத்தியில் கலா என்ற உப்பளத் தொழிலாளி, நீளக் கைப்பிடி வைத்த மரப்பலகையால் உப்பு வாரிக் காட்டுகிறார். மற்ற நாளெல்லாம் அளத்தில் வேலை. ஞாயிறு இங்கே கூலி. பிள்ளைகளும் இறங்கி வாரலாம். உப்பு காலை அறுக்குமோ என்று பயந்து யாழினிக்கு சாக்ஸ் மாட்டிவிட்டேன்.

"ஏம்மா, சாக்ஸோட பாத்தில எறங்குற ஆள இன்னிக்கிதான் பாக்குறேன்!" என்று சிரித்தார் கலா.

மூன்றாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் பவித்ரா, "கழட்டுடி, வழுக்கும்" என்று தானே அதை உருவி வீசினாள். பிறகு ஒரு மணி நேரம் இருவரும் வாரினார்கள். யாழினி இருமியதாக நினைவில்லை.

10.40-க்குக் கிளம்பும்போது டிக்கெட் கொடுத்தவர் பாத்தியருகே வந்து படிவத்தை நீட்டினார். "கரண்டு பில்லே கட்ட முடியலங்க. மூணுல ஒண்ணு செஞ்சாகணும். வந்து பாத்தவங்க சொல்றத வெச்சுதான் முடிவாம். இந்த மாசம் முடியறதுக்குள்ள தபால்ல அனுப்புனாலும் போதும்."

ஞாயிறு இலவசத்தை நிறுத்தலாம். உப்பு வாரிக் காட்டுவதை நிறுத்தலாம். டிக்கெட்டை நூற்றைம்பதாக்கலாம்.

முதலாவது என்றால் பவித்ராவின் தோழிகள் வேலிக்கு வெளியே நிற்பார்கள். இரண்டாவது என்றால் கலாவின் ஞாயிற்றுக் கூலி போகும். மூன்றாவது நியாயமாகத் தோன்றியது, பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் நூற்றைம்பது என்றிருந்தால் நான் வந்திருப்பேனா? மாட்டேன். புதுச்சேரிக் கடற்கரையிலேயே சுண்டல் வாங்கிக் கொடுத்து முடித்திருப்பேன். என்னைப் போன்றவர்கள் வராமல் போனால் மற்ற இரண்டும் தானே நின்றுவிடாதா?

கலா பாத்தியிலிருந்தே கேட்டார்: "எதுலம்மா டிக் போட்டீங்க?"

"வீட்டுக்குப் போய் யோசிச்சு அனுப்புறேங்க."

"எல்லாரும் அதத்தான் சொல்லிட்டுப் போறாங்க" என்று திரும்பி வாரத் தொடங்கினார்.

பேருந்தில் யாழினி என் மடியில் தூங்கிப்போனாள். உள்ளங்காலில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அடுத்த வாரமும் வருவதாகப் பவித்ராவிடம் சொல்லிவிட்டாளாம்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. உறையில் தபால்தலை ஒட்டி வைத்துவிட்டேன். நூற்றைம்பது ரூபாய் கொடுத்து நீங்கள் போவீர்களா? எனக்காகச் சொல்ல வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் டிக் அடிக்க வேண்டும்.