பென்னாகரம் ரோட்டில் சிக்கிக்கொண்ட பிஸ்டல்

1. கோவிந்தனின் கை

கான்ஸ்டபிள் கோவிந்தனை மாட்டு வண்டியில் கிடத்தித் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையைச் சுற்றியிருந்த வேட்டித் துணி முழுக்க ரத்தம். கூடவே வந்த சப்-இன்ஸ்பெக்டர் முனிரத்தினம் இடுப்பிலிருந்து பிஸ்டலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஆர்மரர், பாருங்க. நான் எதையும் தொடலீங்க. நின்னது நின்னபடியே இருக்குது."

ரெண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் போலீஸ் ரிசர்வில் ஆர்மரர். ஆயுதங்களைப் பிரித்துத் துடைப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை.

பார்த்தேன். சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழாமல், பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடுகிற இரும்பு உறையான ஸ்லைடின் வாயில் செங்குத்தாக மாட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் மீதித் தோட்டாக்கள் அப்படியே இருந்தன.

சந்தை முடிந்து ஒகேனக்கல் பக்கம் திரும்பிய வண்டிகளைப் பென்னாகரம் ரோட்டில் கொள்ளையடிக்க மூன்று பேர் மறித்திருக்கிறார்கள். ரோந்து வந்த முனிரத்தினம் முதலில் வானத்தைப் பார்த்துச் சுட்டார். அடுத்த குண்டு போகவில்லை. அருவாளோடு அவர்மேல் பாய்ந்தவனைக் கோவிந்தன் கையை நீட்டித் தடுத்தான். அந்தக் கை அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

2. ரெண்டு ரகம்

எங்களுக்கு அப்போது ரெண்டு ரக ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வந்திருந்தது. ஒன்று ஒல்லி. பளபளவென்று இருக்கும். ஸ்லைடு இம்மி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கும். மற்றது தடியாக, பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆட்டினால் லொடலொட என்று சத்தம் வரும்.

அந்த லொடலொடப்புதான் அதன் பலம். தோட்டா வெடிக்கிற வேகத்தில் ஸ்லைடு பின்னால் ஓடிக் காலிக் கூட்டை வீச வேண்டும். திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவைப் பேரல் குழாய்க்குள் தள்ள வேண்டும். தடியனுக்குள் தூசி போனால் ஒதுங்க இடம் உண்டு. ஒல்லியில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும். ஸ்லைடு பாதி தூரம் ஓடி நின்றுவிடும். யுத்தகாலத் தோட்டாவில் மருந்து வேறு வீரியம் குறைவு.

சுட்டுப் பழகும் ரேஞ்சில் ஒல்லி அப்படி நின்றதைப் பார்த்து நான் எங்கள் டி.எஸ்.பி.யிடம் முன்பே சொல்லியிருந்தேன். பாலக்கோடு, பென்னாகரம் ரோட்டுப் புழுதியில் சைக்கிள் மிதிக்கிற போலீஸ்காரர்களுக்கு அது வேண்டாம் என்றேன். முனிரத்தினமும் தன்னிடமிருந்த ஒல்லியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்.

"லொடலொடன்னு ஆடுறதை ஆபீசர் இடுப்புல கட்டுறதா? போய் வேலையைப் பாரு, மேன்" என்றார் டி.எஸ்.பி.

3. மேசைப் பரீட்சை

விசாரணை என்று ஒன்று நடந்தது. முனிரத்தினம் பயத்தில் கை உறைந்து நின்றாராம், பழியை ஆயுதத்தின் மேல் போடுகிறாராம்; டி.எஸ்.பி. சொன்னது இது. கையில் கட்டோடு வந்த கோவிந்தன் பொறுக்க முடியாமல் பேசினான்.

"ஐயா ஓடலீங்க. குண்டு வரலன்னதும் அந்த இரும்பாலயே அவன் மண்டையில அடிச்சாருங்க. இல்லாட்டி நான் வூடு திரும்பியிருக்க மாட்டேனுங்க."

"உன்னைக் கேட்கல" என்றார் டி.எஸ்.பி.

பிறகு அதே ஒல்லிப் பிஸ்டலைக் கழுவச் சொல்லி, எண்ணெய் போடச் சொல்லி, புதுப் பெட்டியை உடைத்து நாலே தோட்டா போட்டுச் சுட்டுக் காட்டினார். நாலும் போயின.

"பார்த்தியா? பிஸ்டல்ல குறையே இல்ல."

"ஐயா, அவங்க இடுப்புல இருந்த மாதிரி தூசியோட சுட்டுப் பாக்கணுங்க. அவங்க மேகசின்ல இருந்த தோட்டாவையே போடணுங்க" என்றேன்.

"ஆர்மரர், வெளியே போ."

போனேன். முனிரத்தினத்தை ஹெட் கான்ஸ்டபிளாக இறக்கினார்கள். தோளில் இருந்த நட்சத்திரங்களை அவரே கழற்றி மேசையில் வைத்தார்.

4. மாற்றிக்கொண்டவர்

அதே வாரம் டி.எஸ்.பி. ஆயுத அறைக்கு வந்தார். தன் இடுப்பிலிருந்த ஒல்லிப் பிஸ்டலைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த இன்னொரு ரகத்துல ஒண்ணு குடு."

"ஏங்க ஐயா? இதுலதான் குறையே இல்லீங்களே?"

"கைக்குப் பொருந்தல."

காவலுக்கு நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தடியனை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதே சொன்னேன்: "முனிரத்தினம் ஐயா கேட்டப்பவே இதைக் குடுத்திருந்தா, கோவிந்தன் இன்னிக்குச் சோத்தைப் பிசைஞ்சு தின்னுவானுங்க."

அவர் முகம் கறுத்தது. பிஸ்டலை மாட்டிக்கொண்டு போனார். எனக்கு உடனே மாற்றல் உத்தரவு வந்தது. கொஞ்ச காலம் கழித்து ஒல்லிகளை எல்லாம் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. முனிரத்தினத்துக்குப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை. ஹெட் கான்ஸ்டபிளாகவே ரிட்டயர் ஆனார்.

இன்று ஆயுதம் தேர்ந்தெடுக்கிற நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எண்ணெய் போட்டு மேசையில் வைத்தால் எந்தப் பிஸ்டலும் சுடும். சுமக்கிறவன் இடுப்பில் அது வேர்வையிலும் புழுதியிலும் கிடக்கட்டும். அப்புறம் வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரு ஆயுதத்தை உங்கள் இடுப்பில் கட்ட மனசு வரவில்லையா, அதை வைத்திருந்தவனைக் கோழை என்று சொல்ல உங்களுக்கு வாய் வரக்கூடாது.