மாப்பிள்ளை பழைய மைக்கை எடுத்த கதை

என் தங்கை புருஷன் ஒரு கலையரங்கில் மைக் வேலை பார்க்கிறான். அதே அரங்கில் நான் திரை இழுப்பவன். திரை இழுக்க ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரத்துக்கு வாய் இருக்கிறது. எந்தப் பாடகருக்குத் தலைமுடி சொந்தம், யாருக்கு ஒட்டு என்பதெல்லாம் என்னைக் கேட்டால்தான் தெரியும். மாப்பிள்ளை நேர் எதிர். மேடையில் ஏறுகிறவர்களின் மூச்சும் முனகலும் முதலில் அவன் ஹெட்போனுக்குள்தான் விழுகிறது. அவன் வாயைப் பிடுங்கிப் பார்த்து இருபது வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்து, அங்கிருந்து அரங்கத்துக்கு வந்தவன். "வீட்டுல குக்கர் விசில் மூணா நாலான்னு எண்ணத் தெரியாது. அங்க போனா மட்டும் ஒயர்ல தூசி இருந்தாக்கூடக் காதுல விழுமாம்" என்பாள் என் தங்கை.

அவன் மைக் வைக்கிற விதமே தனி. வாசிப்பவரை வாசிக்கச் சொல்வான். ஒரு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மறு காதை நீட்டி, கேஸ் எங்கே கசிகிறது என்று தேடுபவன் மாதிரி வாத்தியத்தைச் சுற்றிக் குந்திக் குந்தி நகர்வான். காதுக்கு எந்த இடம் பிடிக்கிறதோ, அங்கேதான் மைக்.

ஆறு வருடம் நச்சரித்து, அரங்கச் செயலாளரிடம் ஒரு பென்சில் மைக் வாங்கியிருந்தான். கையளவு நீளம்தான். எறும்பு தும்மினால்கூட எடுத்துக்கொடுக்கும். தினமும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவான். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இப்படிப் பாக்கலைண்ணே" என்று தங்கைக்கு ஒரே ஆத்திரம்.

அந்த மைக்குக்கு ஏற்ற நிகழ்ச்சி வந்தது. ஃபிளமெங்கோ என்கிற ஸ்பெயின் நாட்டு ஆட்டம், ஆடுவது நம்ம ஊர்க்காரர்கள்தான். அறுபது தாண்டிய ஒரு கிட்டார்காரர், நாற்பது வயது ஆட்டக்காரி. அவர் நகத்தால் கம்பிகளை வாரி இறைப்பார், நடுநடுவே விரலால் பலகையைத் தட்டுவார். அந்த அம்மா குதிகாலால் பதில் சொல்லும். அந்தக் கால் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வாசிக்கவேண்டும்.

மத்தியானம் ஒத்திகை. நான் ஏணியில் நின்று திரைக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை கிட்டாரைச் சுற்றி வந்துவிட்டு, "ஓட்டைக்கு நேரா வெச்சா பானைக்குள்ள பேசுற மாதிரி குமுறுது. கம்பி கட்டுன பக்கம் வெச்சா வெறும் நகம்தான் கேக்குது" என்றான். கடைசியில் கிட்டாரின் கழுத்தும் உடம்பும் சேரும் இடத்துக்கு நேராக, ஒன்றரைச் சாண் தள்ளி, பென்சில் மைக்கைச் சாய்த்து வைத்தான். ஒன்றும் தெரியாத நானே ஏணியில் இரண்டு படி இறங்கி வந்து காது கொடுத்தேன்.

"என்னமோ டொக்கு டொக்குன்னு கேக்குதே மாப்ளே, அதை எடுத்துடலாமா?"

"அதுவும் வாசிப்புதான் மச்சான். கொக்கியைப் பாருங்க."

ஆட்டக்காரி கால் போட்டுக் காட்டியது. மேடை ஓரத்தில் பஞ்சு மேல் ஒரு மைக் வைத்து அதையும் பிடித்தாயிற்று. கிட்டார்காரர் முன்னால் அவருக்கென்று ஒரு ஸ்பீக்கர் இருந்தது.

"ஐயா, அம்மா கால் சத்தம் ஸ்பீக்கர்ல போதுங்களா?"

"அருமை! அப்படியே விட்டுடுங்க!"

மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். ஸ்பீக்கர் ஒயர் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. செருகவே இல்லை.

அவருக்குப் பின்னால் போய் நின்று, "ஐயா, உங்க கிட்டார் பொட்டி கீழ விழுந்துடுச்சு" என்றான். அவர் திரும்பவில்லை.

ஒரு தாளம் தப்பியதற்காகப் கூடக் கைதட்டித் தாளம் போட்ட பழைய ஆளை அந்த அம்மா நடுவழியில் இறக்கிவிட்டதாக எனக்குக் காலையிலேயே தகவல் வந்திருந்தது. இவருக்குக் காது மந்தம் என்று தெரிந்தால்? என் நாக்கு அரித்தது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"வாயைத் திறந்தீங்க, திரைக் கயிறுல சேத்துக் கட்டிடுவேன். அவர் பொழப்பு மச்சான் இது."

இதெல்லாம் நடந்து ரொம்ப நாள் கழித்து, போன வருடம் அவரே காது கேட்கும் மெஷினோடு மேடையேறி எல்லோருக்கும் காட்டிவிட்டார். இல்லையென்றால் இப்போதும் மூச்சு விட்டிருக்க மாட்டேன்.

ஒயரைச் செருகி, அவர் காதுக்கு எட்டும் அளவு சத்தத்தைக் கூட்டினான். உடனே 'கூ' என்று ஒரு ஊளை. பென்சில் மைக் எல்லாவற்றையும் கேட்கும், ஸ்பீக்கரையும் சேர்த்துத்தான். திருப்பினான், இறக்கினான், நகர்த்தினான். அரை மணி நேரம் ஊளைதான். சத்தத்தைக் குறைத்தால் ஊளை நிற்கிறது, பெரியவர் தடுமாறுகிறார்.

"உன் மைக்கை நீ வை மாப்ளே. ஆறு வருஷக் கனவு. அவர் எப்படியாவது சமாளிக்கட்டும்" என்றேன்.

"அவர் தப்பு விட்டா என் மைக் அதைத்தான் அழகா எடுத்துக் காட்டும்" என்று சொல்லி, பென்சில் மைக்கைப் பெட்டிக்குள் படுக்க வைத்தான்.

பதிலுக்கு எடுத்தது தலை நசுங்கின பழைய மைக்கை. காணாமல்போன குழந்தைக்கும் கார் நம்பருக்கும் அறிவிப்பில் கத்திப் பழகினது. கிட்டாருக்கு நாலு விரல் கிட்டத்தில் வைத்தான். ஸ்பீக்கரை மைக்கின் முதுகுக்கு நேரே தள்ளினான். குமுறலைக் குறைத்தான். சத்தத்தைக் கூட்டினான். ஊளை இல்லை. பெரியவர் சட்டென்று நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார்.

மாலை நிகழ்ச்சியில் கிட்டார் போர்வைக்குள்ளிருந்து வாசித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த அம்மா எங்கே நிறுத்தினாலும் கம்பியும் அங்கேயே நின்றது. இடைவேளையில் செயலாளர் வந்தார்.

"எங்கய்யா புது மைக்?"

"ஒயர் கோளாறு சார்."

"நல்லா வருவ! இனிமே பஞ்சு கேட்டாக்கூட வாங்கித் தரமாட்டேன்."

மாப்பிள்ளை தலை குனிந்து நின்றான். எனக்குத்தான் வாய் வெடித்துவிடும் போல இருந்தது.

எல்லாம் முடிந்ததும் ஆட்டக்காரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அவனிடம் வந்தது. நான் மடித்த திரையையே மறுபடி மடித்தேன்.

"அண்ணே, அவர் ஸ்பீக்கர்ல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் போலத்தான்."

"பொய் சொல்லாதீங்க. அவருக்குக் கேக்கணும்னு ரெண்டு வருஷமா ஓங்கி ஓங்கி மிதிச்சு என் முட்டியே தேஞ்சு போச்சு. இன்னிக்கு லேசாத்தான் வெச்சேன். விடாம கூடவே வந்தாரே!"

மாப்பிள்ளை சுருட்டிக்கொண்டிருந்த ஒயரைக் கீழே வைத்தான்.

"எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க. நாளைக்கு வேற ஊரு. அங்க இருக்கிற மைக்குக்காரருக்கு எப்படிச் சொல்றது?"

மாப்பிள்ளை ஒரு பல்பு அட்டைப்பெட்டியைக் கிழித்து, கிட்டார், மைக், அதன் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் என்று வரைந்தான். கிட்டார் பூசணிக்காய் மாதிரி வந்தது. பக்கத்தில் 'நாலு விரல்' என்று எழுதினான்.

"யார் விரலுண்ணே?" என்றது அந்த அம்மா.

அவன் தன் நாலு விரலையும் சேர்த்து அட்டை மேல் வைத்து, சுற்றிலும் கோடு போட்டுக் கொடுத்தான்.