அவர் முகர்ந்து கொடுத்த கல்

அந்தக் கலர் மீன் கடைக்காரர் எந்தக் கல்லையும் முகர்ந்து பார்க்காமல் தரமாட்டார். ஒல்லியான ஆள், நீளமான மூக்கு. உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு உயிர்க்கல் வாங்க அவரிடம்தான் போனேன். கடலில் கிடந்து, பொந்துக்குப் பொந்து சின்ன உயிர்கள் குடியேறிய கல் அது. தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதே அந்த உயிர்கள்தான்.

ஊதாப் பாசி படர்ந்தால் நல்ல கல் என்பார்கள். ஈரச் சாக்கிலிருந்து ஊதாக் கற்களாகவே எடுத்து வைத்தார். சாம்பல் நிறத்தில் கிடந்த ஒன்றை நான் எடுத்தேன். வாங்கி முகர்ந்து முகம் சுளித்தார்.

"இது செத்துப்போச்சுபா. இத உன் தலையில கட்ட எனக்கு மனசு வரல."

அந்தப் பேச்சில்தான் விழுந்தேன்.

ஒரே வாரத்தில் கற்கள் வெளுத்து, தண்ணீர் ஊதாவானது. பாசியே இல்லை, பட்டுக்குப் போடுகிற சாயம். என் மகள் பெயர் வைத்த இரண்டு மீன்களும் மிதந்தன. நான் பட்டுக்கடையில் சேலை காட்டுகிறவன். ஈரத்துணியால் முந்தானையைத் தேய்த்து, "சாயம் ஒட்டுதா பாருங்கம்மா" என்று தினமும் சொல்கிறவன். கல்லைத் தேய்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கற்களோடு திரும்பப் போனேன். ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, "உப்பு சரியா போட்டியாபா?" என்றார்.

அவருக்குப் பின்னால், அவருடைய சொந்தத் தொட்டியில், அந்தச் சாம்பல் கல் இருந்தது. அதன் பொந்துகளிலிருந்து குட்டி விசிறிகளாகப் புழுக்கள் விரிந்து ஆடிக்கொண்டிருந்தன.

மீன்களைக்கூட மறந்துவிட்டேன். அந்த முகச்சுளிப்பை மறக்க முடியவில்லை. எவ்வளவு அக்கறையாகச் சுளித்தார்.