அரிவாளில் நான் கட்டிய சீட்டு

"தமிழ் நல்லா வருது, சரி. ஆனா பெரிய வீட்டு ஹால்ல போய் நிமிர்ந்து உட்கார வருமாம்மா உனக்கு?"

வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் சங்கத்தின் செயலாளர் கேட்டது இது. வந்தது. நிமிர்ந்து உட்கார வந்தது, சிரிக்க வந்தது. என்னைப் பெற்றவளின் அரிவாளை மேசைமேல் வைத்து, அதை ஒரு திருடியின் அரிவாள் என்று காட்டி நன்கொடை வாங்கவும் வந்தது!

இதைத்தான் சொல்ல வந்தேன். இதைவிடச் சிறிதாக்கிச் சொல்லி உங்களிடமிருந்து தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். செகந்திராபாத்தை ஒட்டிய குஷாய்குடாவில் அரசாங்கத் தொழிற்சாலை எழும்பியபோது தர்மபுரிப் பக்கத்திலிருந்து மண் சுமக்க வந்தவர்கள் என் பெற்றோர். கட்டடம் எழுந்து நின்றது. அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மாவும் நானும் மதிலுக்கு வெளியே ஒரு குடிசையில் தங்கிவிட்டோம். பின்னால் பாறைக் குன்று. பாறை இடுக்குகளில் சீத்தாப்பழச் செடிகள், முட்புதர்கள். அங்கே விறகு ஒடித்து, தலைச்சுமையாக டீக்கடைகளுக்குப் போட்டுத்தான் அம்மா என்னைச் செகந்திராபாத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினாள்.

காய்ந்ததை மட்டுமே ஒடித்தாள் என்று சொல்லமாட்டேன். சில நாட்களில் பச்சையும் வெட்டினாள்.

சங்கம் மாணவர்களுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் அந்தக் குன்றில் கன்றுகள் நட்டார்கள், கௌதாரிக் கூடுகளைத் தேடிக் குறித்துவைத்தார்கள். நல்ல பிள்ளைகள். நல்ல வேலை. அதை இன்றும் மறுக்கவில்லை. தொழிற்சாலைக் குடியிருப்பிலும் செகந்திராபாத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு வேண்டுகோள் எழுதுவது, நேரில் போய்ப் பேசுவது, கொடுத்தவர்களை மறக்காமல் வைத்திருப்பது... இவை என் பொறுப்பு. வீடு எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் "குடியிருப்புப் பக்கம்" என்றேன். மதிலுக்கு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

என் முதல் வேண்டுகோளில் கன்றுகளைப் பற்றி எழுதினேன். ஒருவரும் அசையவில்லை.

"ரொம்ப சாதுவா எழுதுறம்மா" என்றார் செயலாளர். "படிக்கிறவங்களுக்கு யார் மேலயாவது கோபம் வரணும்."

யார் மேல்? எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் மேல்தான் எழுத முடிந்தது. 'விடியுமுன் அரிவாளோடு குன்றேறும் காட்டுத் திருடிகள்' என்று தொடங்கினேன். எவ்வளவு எளிதாக வந்தது! பாறையில் அரிவாள் தீட்டும் ஓசை, தலையில் சும்மாடு, சுமையோடு இறங்கும்போது பக்கவாட்டில் வைக்கும் பாதம்... பக்கத்தில் இருந்து பார்த்தவள் அல்லவா நான்!

அச்சாகி வந்த தாளின் அடியில் என் பெயர் இருந்தது. அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள்.

"இதுல எது கண்ணு உன் பேரு?"

காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

"முழுசும் படி. கேக்கறேன்."

ரேஷன் கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, ஆஸ்பத்திரிச் சீட்டு, எதுவானாலும் அம்மாவுக்குப் படித்துச் சொல்பவள் நான்தான். நான் படித்தால் அது அப்படியே இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. அன்று என் கண் தாளின் மேல் இருந்தது, வாய் வேறொன்றைப் படித்தது. மரங்கள், பறவைகள், மழை... ஏதேதோ. அம்மா கண் கலங்கக் கேட்டாள். கஞ்சி தடவி அந்தத் தாளை அடுப்பங்கரைச் சுவரில், அரிவாள் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். வருபவர்களிடமெல்லாம் என் பெயரைத் தொட்டுக் காட்டினாள். எந்த இடம் என்று அவளுக்கு மனப்பாடம்.

இந்த முறை பணம் வந்தது. குன்றைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. ஒரு காவல்காரன் வந்தான்.

ஒருநாள் மதியம் அம்மா வெறுங்கையோடு திரும்பினாள். மணிக்கட்டு சிவந்திருந்தது.

"அருவாளைப் புடுங்கிக்கிட்டான் பாப்பா. 'நக்கோ அம்மா, நக்கோ'ன்னு, வேணாம் வேணாம்னு அவன் பாஷையில சொல்லிக்கிட்டே கையை முறுக்கறான்! என்ன மரியாதை பாரு!" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மண்ணை வாரித் தூற்றினாள். "எவ பெத்த புள்ளைக்கு இந்த வேலி யோசனை வந்துச்சோ, அது அடுப்புல பூனை தூங்க! அதைப் பெத்த வயிறு பத்தி எரிய!"

நான் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்குவதை நிறுத்தவில்லை.

சாபம் யார்மேல் போனது என்று அவளுக்குத் தெரியாது. தன் மகளையும் தன் வயிற்றையும் சேர்த்துச் சபித்துவிட்டு, எனக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் காவல்காரன் ஒரு சாக்கை அலுவலகத்தில் இறக்கினான். பறித்த அரிவாள்கள், ஏழு. நன்கொடையாளர்களுக்காக நடக்கவிருந்த கண்காட்சிக்கு அவை வேண்டுமென்று கேட்டிருந்ததே நான்தான். 'காட்டுத் திருடியிடமிருந்து பறித்தது' என்று ஏழு சீட்டுகளையும் என் கையாலேயே எழுதித் தயாராக வைத்திருந்தேன்.

நான்காவது அரிவாளின் பிடியில் நீலத் துணி சுற்றியிருந்தது. என் பள்ளிப் பாவாடை! தையல் வகுப்பில் நான் போட்ட சிவப்புப் பூ அதில் தெரிந்தது. ஓர் இதழ் கோணல்.

அறையில் யாருமில்லை. என் பை நாற்காலியில் தொங்கியது. எடுத்துப் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஒருவேளை கேட்டிருந்தால்? 'இது யாருடையது?' என்ற ஒரு கேள்வி... அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் பயந்தேன். படித்த பெண்ணின் பயம்!

சீட்டைக் கட்டினேன். அவிழாதபடி இரண்டு முடிச்சுப் போட்டேன்.

கண்காட்சி குடியிருப்பின் கிளப் ஹாலில் நடந்தது. எங்களுக்கு அதிகம் கொடுத்தது ஓர் உயர் அதிகாரியின் குடும்பம். அவருடைய மனைவி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவார். நல்லவர். அவர்தான் நான்காவது அரிவாளைக் கையில் எடுத்தார்.

"அம்மாடி, என்ன கூர்! அட, இங்க பாருங்க... திருடிக்கு எம்பிராய்டரி வேற!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"யார் வீட்டுக் கொடியில சுட்ட துணியோ!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பிடிச்சப்போ அழுதாளாமா?"

"இல்ல மேடம். சாபம் விட்டாளாம்."

"ஐயோ, என்னன்னு?"

சொன்னேன். பூனை தூங்கும் அடுப்பையும் பற்றி எரியும் வயிற்றையும் சொன்னேன். அம்மாவின் குரலிலேயே, அவள் இழுக்கும் இழுப்போடு, மண் தூற்றும் கைவீச்சோடு சொன்னேன்! ஹாலே குலுங்கியது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குமுன் அடுத்த குன்றுக்கும் வேலி போட்டுத்தருவதாக அவர் வாக்களித்தார். செயலாளர் என் தோளைத் தட்டினார்.

இரண்டு மழைக்காலங்கள் போய்விட்டன. அம்மா இப்போது மரத்தூள் அடுப்பு மூட்டுகிறாள். புகையில் இருமுகிறாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். குன்றில் சீத்தாச் செடிகள் தழைத்திருக்கின்றன, கௌதாரிகள் பெருகியிருக்கின்றன. அதுவும் உண்மைதான். என்ன செய்வேன்?

உண்மையைச் சொன்னால் தன் சாபத்தை நினைத்து அம்மா உடைந்துபோவாள், ஆகவே சொல்லாமல் இருப்பதே அன்பு... இப்படி எனக்கு நானே எத்தனை நாள் சொல்லிக்கொண்டேன்! அது அன்பா? உங்களுக்கே தெரியும். ஹாலில் நிமிர்ந்து உட்காரும் அந்த இடத்தை விட எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

இன்று மதியம், அடுத்த வாரம் வரும் விருந்தினர்களுக்காக அரிவாள்களைத் துடைத்து வைக்கச் சொன்னார் செயலாளர். நான்காவதைத் துடைத்தேன். என் பையில் வைத்தேன்.

"எதுக்கும்மா? அது கண்காட்சி சாமானாச்சே."

"எங்க அம்மாவோடது சார்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உட்காரும்மா" என்றார்.

உட்காரவில்லை. வந்துவிட்டேன்.

அம்மா குழாயடியில் இருக்கிறாள். அரிவாளைப் பழைய ஆணியில் மாட்டிவிட்டேன். பக்கத்தில் அந்தத் தாள், புகையேறிப் பழுத்திருக்கிறது. என் பெயர் இருக்கும் இடம் மட்டும் விரல் பட்டுத் தேய்ந்திருக்கிறது.

குடத்தை இறக்கியதும் அரிவாளைப் பார்ப்பாள். பூவைத் தொடுவாள். பிறகு அதில் தொங்குவதைக் கையில் பிடித்து, வழக்கம்போல என்னிடம் நீட்டுவாள்: "இதுல என்ன எழுதியிருக்கு? படி கண்ணு."

சீட்டை நான் அவிழ்க்கவில்லை.